மெக்சிகோக் கடற்கரையில் நான்கு இரவுகள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கான குறிப்புகளை இப்பகுதியில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில், நான் எதிர்பாராத வகையில், பெரும்பாலானவை மெக்சிகோவைப் பற்றியே இருந்தன. நீண்ட வார விடுமுறையில் அங்கே கடற்கரைக்கு அழைத்துப் போவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்களாம். போகலாமா, எங்கே தங்குவது, என்ன உண்பது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளில் அமைந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

டல்லாஸில் வேலை பார்க்கும் என் மகன், என்னையும் (வயது 66) என் மனைவியையும், மருமகளையும் ஆறு வயதுப் பேத்தியையும் நவம்பர் கடைசி வாரத்தில் நான்கு இரவுகளுக்கு மெக்சிகோவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடுகிறான். கான்கூன், துலும், லாஸ் காபோஸ் ஆகிய மூன்றில் இரண்டையாவது பார்த்துவிட வேண்டும் என்கிறான். எனக்கு முழங்கால் வலி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், திருப்பூர்

முதலில் வரைபடத்தை எடுத்து மகனிடம் காட்டுங்கள். கான்கூனும் துலுமும் மெக்சிகோவின் கிழக்கு ஓரத்தில், கரீபியன் கடலைப் பார்த்தபடி, ஒன்றுக்கொன்று சுமார் 130 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. லாஸ் காபோஸோ நாட்டின் மறுகோடியில், பசிபிக் பெருங்கடல் பக்கம், பாலைவனமும் கடலும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. கான்கூனுக்கும் லாஸ் காபோஸுக்கும் இடையிலான தூரம் கோவையிலிருந்து டெல்லிக்குள்ள வான்வழித் தூரத்தைவிட அதிகம். ஆகவே இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து, நான்கு இரவு என்பது நான்கு நாள் அன்று. விடுதிகளில் பொதுவாகப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள்; கிளம்பும் நாளில் முற்பகல் பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். வந்த நாளின் மாலையும் போகும் நாளின் காலையும் பெட்டி கட்டுவதிலேயே கழிந்துவிட, கைக்குக் கிடைப்பவை மூன்று முழு நாட்கள்தாம். அந்த மூன்று நாட்களுக்குள் விடுதி மாற்றுவது, அறுபதைத் தாண்டியவருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் வீண் அலைச்சல். ஒரே இடத்தில் தங்குங்கள். ஒரு நாள் மட்டும் வெளியே போங்கள். மற்ற இரண்டு நாட்களில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் கடினம் என்பதை அறிவேன். காசு கொடுத்துப் போய்விட்டுச் சும்மா இருப்பதா என்று கேட்பார்கள். சும்மா இருப்பதற்குத்தான் அந்தக் காசு.

டல்லாஸிலிருந்து கான்கூனுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஆகவே உங்கள் குடும்பத்துக்குக் கான்கூனே போதும். 1970ஆம் ஆண்டுக்கு முன்பு அது தென்னந்தோப்பும் மணலுமாகக் கிடந்த, ஏறத்தாழ ஆளில்லாத தீவு. மெக்சிகோ அரசே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, சுற்றுலாவுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய நகரம் அது. விடுதிகள் நிற்கும் பகுதி, கடலுக்கும் நிச்சுப்தே என்ற உப்பங்கழிக்கும் நடுவே, 7 என்ற எண்ணின் வடிவத்தில், இருபது கிலோமீட்டருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு. விடுதி தேர்ந்தெடுப்பவர் அறிய வேண்டிய முதல் செய்தி அந்த 7இல்தான் இருக்கிறது. மேலே உள்ள குட்டைக் கோடு வடக்கு நோக்கியிருப்பதால் அங்கே அலை குறைவு. குழந்தை முழங்கால் ஆழத்தில் நின்று விளையாடலாம். நீண்ட கோடு கிழக்கு நோக்கித் திறந்த கடலைப் பார்த்திருப்பதால் படத்தில் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் அலையும் இழுப்பும் அதிகம். விளம்பரப் படங்களில் பெரும்பாலானவை நீண்ட கோட்டில் எடுத்தவை. பேத்தியை நினைத்துக் குட்டைக் கோட்டில் அறை பாருங்கள்.

விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மகன் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. அங்குள்ள பல ரிசார்ட்டுகள் பெரியவர்களுக்கு மட்டுமே ஆனவை. குழந்தையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பதை முன்பதிவுப் பக்கத்தின் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். ஐந்து பேருக்கு ஓர் அறை கிடைப்பது அரிது. இரண்டு அறைகள் எடுக்கும்போது ‘அடுத்தடுத்த அறை’ என்று கேட்காமல், நடுவில் உட்கதவு உள்ள அறை வேண்டும் என்று கேட்க வேண்டும். உங்கள் முழங்காலுக்காக, அறையிலிருந்து உணவுக்கூடத்துக்கும் கடற்கரைக்கும் எவ்வளவு நடக்க வேண்டும், லிஃப்ட் உண்டா என்றும் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். சில ரிசார்ட்டுகளின் வளாகம் நம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வருவது போல நடக்க வைத்துவிடும்.

உணவு, பானம் எல்லாம் அறை வாடகையிலேயே அடங்கும் ‘ஆல் இன்க்ளூசிவ்’ முறை பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். அந்த விலையில் பெரும் பகுதி மதுவுக்கும் கடல் உணவுக்கும் இறைச்சிக்கும் உரியது. இவை எதையும் தொடாத குடும்பம், பக்கத்து மேசைக்காரரின் கோப்பைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறது. இருந்தாலும் குழந்தைக்கு நினைத்த நேரத்தில் பழமும் பாலும் கிடைப்பதும், ஒவ்வொரு வேளையும் எங்கே சாப்பிடுவது என்ற விவாதம் இல்லாமல் போவதும் உங்களைப் போன்ற மூன்று தலைமுறைக் குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. நீங்கள் அதையே எடுக்கலாம். இருவர் மட்டும் போகிறவர்கள், அதுவும் சைவர்கள், காலை உணவு மட்டும் அடங்கிய அறையே எடுப்பது நல்லது.

ஒரேயொரு மாற்றம் சொல்வேன். நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழன் அமெரிக்கர்களுக்கு நன்றி நவிலும் நாள். அந்த வாரத்தில் விமானக் கட்டணமும் அறை வாடகையும் ஏறிவிடும். மகனுக்கு விடுப்புக் கிடைக்குமானால் டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். வெயிலும் அதேதான், கடலும் அதேதான். கூட்டமும் விலையும் மட்டும் குறையும்.

அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனியாக விசா வேண்டாம் என்கிறார்கள். என் மகளுக்கு எச்-1பி என்ற வேலை அனுமதி நீட்டிப்பு ஆகிவிட்டது. ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. எங்கள் இருவரிடமும் பத்தாண்டுக்கான பி-1/பி-2 வருகையாளர் விசா இருக்கிறது. மூவரும் போகலாமா?
– வாசகி, ஈரோடு

பெற்றோராகிய உங்கள் இருவருக்கும் தடையில்லை, சிக்கல் மகளுக்குத்தான். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும் என்பதே பொது விதி. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றின் செல்லத்தக்க விசாவோ நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாவுக்காக அவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. ‘செல்லத்தக்க’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். எச்-1பி நீட்டிப்பு ஆணை என்பது அமெரிக்காவில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதியே அன்றி விசா அன்று. முத்திரை காலாவதியாகியிருந்தால் மெக்சிகோவின் பார்வையில் உங்கள் மகளிடம் அமெரிக்க விசா இல்லை. அவர் அமெரிக்காவிலுள்ள மெக்சிகோத் துணைத் தூதரகம் ஒன்றில் விண்ணப்பித்து மெக்சிகோ விசா பெற வேண்டும்.

போய்விட்டால் அமெரிக்காவுக்குத் திரும்புவது எப்படி என்பது அடுத்த கேள்வி. மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ 30 நாட்களுக்கு மிகாமல் சென்று வருபவர், எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு செல்லத்தக்கதாக இருந்தால், காலாவதியான விசா முத்திரையுடனேயே திரும்பி வர அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. விசா தானாகப் புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் அந்தப் பயணத்தின்போது மெக்சிகோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புதிய விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். விமான நிறுவனப் பணியாளர்களில் பலருக்கு இந்த விதி தெரியாது என்பதால், விதியின் அச்சுப் பிரதியையும் ஐ-94 பிரதியையும் நீட்டிப்பு ஆணையையும் கையில் வைத்திருக்க வேண்டும். மகள் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தம் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும். நான்கு நாள் கடற்கரைக்காக வேலையைப் பணயம் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால், ஃபுளோரிடாக் கடற்கரையும் நன்றாகத்தான் இருக்கும்.

மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பினால் அமெரிக்காவில் தங்க மேலும் ஆறு மாதம் புதிதாகக் கொடுப்பார்கள் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

அதை நம்பித் திட்டமிட வேண்டாம். திரும்பி வரும்போது எத்தனை நாள் அளிப்பது என்பது விமான நிலையத்து அதிகாரியின் முடிவு. 30 நாட்களுக்கு உட்பட்ட மெக்சிகோப் பயணத்துக்குப் பிறகு, முன்பு கொடுத்த காலத்தில் மிச்சமிருப்பதை மட்டுமே அவர் அனுமதிக்கலாம். தங்கும் காலத்தை நீட்டிப்பதற்காகவே போய்வந்தீர்கள் என்று அவருக்குத் தோன்றினால் கேள்விகளும் நீளும். திரும்பியதும் புதிய ஐ-94இல் உள்ள தேதியை மகனைக் கொண்டு சரிபார்த்துவிடுங்கள்.

என் மாமியார் முட்டைகூடச் சாப்பிடமாட்டார். அரிசியும் பருப்பும் சாதமும் ரசமும் இருந்தால் போதும் என்பவர். மெக்சிகோவில் அவருக்கு என்ன கிடைக்கும்? பட்டினி போட்டுவிட்டோம் என்ற பேச்சு ஊர் திரும்பிய பிறகு வரக் கூடாது.
– வாசகி, பொள்ளாச்சி

நியாயமான அச்சம். ஆனால் உங்கள் மாமியாருக்கு அந்நியமான மண்ணுக்குப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். நம் சமையலறையில் இருக்கும் மிளகாய், தக்காளி, பப்பாளி, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, மெக்சிகோவும் அதை ஒட்டிய பகுதிகளுமாகிய அந்தப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவைதாம். சப்போட்டா என்ற பெயரே அந்நாட்டுப் பழங்குடிச் சொல்லின் திரிபு. கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்துக் காடுகளில் சப்போட்டா மரத்தைக் கீறிப் பால் எடுத்துத்தான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். காட்டு வேலிகளில் நாம் பார்த்த ஆனைக்கற்றாழையின் இனமும் அங்கிருந்து வந்ததே. கான்கூனை அடக்கிய யுகத்தான் பகுதி, அதன் மடலிலிருந்து எடுத்த நார்களை விற்றே ஒரு காலத்தில் செழித்தது. தென்னை மட்டும் அங்கே வெளியிலிருந்து போனது. 1980களில் அந்தக் கடற்கரையின் தென்னைகளை ஒரு மஞ்சள் நோய் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. உங்கள் பக்கத்துத் தோப்புகளை வாட்டும் வேர் வாடல் நோயைப் போலவே அதுவும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது.

பல்லடம், உடுமலைப் பக்கம் நாம் மக்காச்சோளத்தை விளைவித்துக் கோழிக்குப் போடுகிறோம். அவர்கள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி, அரைத்து, தோசைக்கல்லில் சுட்டு மூன்று வேளையும் உண்கிறார்கள். தோர்த்தியா என்ற அந்த மக்காச்சோள ரொட்டி உங்கள் மாமியாருக்குத் துணை. அதில் பெரும்பாலும் சோளமும் சுண்ணாம்பும் தண்ணீரும்தாம். கோதுமைத் தோர்த்தியாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

உண்மையான கண்ணி எங்கே இருக்கிறதென்றால், பார்வைக்குச் சைவமாகத் தெரியும் பண்டங்களில். மசித்து வதக்கிய மொச்சை போன்ற அவரைப் பருப்பைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள். அதன் பெயர் ‘மாந்தேகா’. சிவப்பாகப் பரிமாறும் சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். சுட்ட சோளக் கதிரின் மேல் தடவும் வெண்மையான களிம்பு முட்டை சேர்ந்த மயோனைஸ். பாலாடைக்கட்டிக்காகப் பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பைச் சாறு பயன்படுவதும் உண்டு. ‘இறைச்சி இல்லாமல்’ என்று பொருள்படும் ‘சின் கார்னே’ என்று மட்டும் சொன்னால், மாட்டிறைச்சியை விலக்கிவிட்டுக் கோழியையோ மீனையோ வைத்துவிடுவார்கள். அவர்கள் பேச்சில் ‘கார்னே’ என்பது பெரும்பாலும் சிவப்பு இறைச்சியையே குறிக்கும். ஆகவே ஒரு சீட்டில் ஸ்பானிய எழுத்தில், கோழி, மீன், முட்டை, மாந்தேகா, கோழிச் சாறு எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். ரிசார்ட்டுக்குப் பத்து நாட்களுக்கு முன்பே மின்னஞ்சல் எழுதி, சேர்ந்த அன்றே தலைமைச் சமையற்காரரைப் பார்த்துச் சீட்டைக் கொடுத்துவிட்டால், பெரிய விடுதிகளில் தனியே சமைத்துத் தருவார்கள்.

வெண்ணெய்ப்பழத்தை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை சேர்த்த குவாகமோலே நம் துவையலுக்கு அண்ணன் முறை; தாராளமாக உண்ணலாம். முள் நீக்கி வதக்கிய சப்பாத்திக்கள்ளி மடலான நோபால், வெண்டைக்காயைப் போலக் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குளிரக் கொடுப்பார்கள். புளிச்சைக் கீரை இனத்துச் சிவப்புப் பூவிலிருந்து இறக்கும் ‘ஹமைக்கா’ பானமும் நன்றாக இருக்கும். ஹபனேரோ என்ற குண்டு மிளகாயை மட்டும், நமக்குத் தெரியாத காரமா என்று எண்ணித் தொட வேண்டாம்.

குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கவும் பயன்படுத்தாமல் அறையில் வைக்கும் புட்டித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். பருப்புப் பொடியும் ரசப் பொடியும் கடை முத்திரையிட்ட பொட்டலங்களாக எடுத்துச் சென்று சுங்கப் படிவத்தில் குறிப்பிடுங்கள். பச்சைக் காய், பழம், விதை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது.

கடற்கரை முழுவதும் பாசி ஒதுங்கி நாறுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எப்போதும் அப்படித்தானா? புயல் காலம் எது?
– வாசகர், கரூர்

காணொளியில் கண்டது உண்மை. ஆனால் எப்போதும் அப்படி இல்லை. அது சர்காசம் என்ற பழுப்பு நிற மிதக்கும் கடற்பாசி. 2011ஆம் ஆண்டு முதல் அட்லாண்டிக் கடலில் பெருமளவில் பெருகி, கரீபியன் கரைகளில் வந்து ஒதுங்குகிறது. பொதுவாக ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதன் பருவம். கரையில் கிடந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும்; விடுதிக்காரர்கள் காலையில் வண்டி வைத்து அள்ளினாலும் மாலையில் மறுபடி வந்து சேரும். கிழக்கு நோக்கிய கரைகளுக்கே பாதிப்பு அதிகம். கோசுமெல் தீவின் மேற்குக் கரையும் இஸ்லா முகேரெஸ் தீவின் வடகரையும் பெரும்பாலும் தப்பிவிடும். பசிபிக் பக்கத்து லாஸ் காபோஸுக்கும் புவெர்த்தோ வயார்த்தாவுக்கும் இந்தத் தொல்லையே இல்லை. பிள்ளைகளின் கோடை விடுமுறையில், அதாவது ஜூன், ஜூலையில்தான் போக முடியும் என்பவர்கள் இந்த இரண்டையும் யோசிக்கலாம். ஆனால் லாஸ் காபோஸில் கண்ட இடத்தில் கடலில் இறங்க முடியாது, குளிக்கத் தகுந்த கரைகள் சிலவே.

அட்லாண்டிக் பக்கம் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; அதில் ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை கடுமை அதிகம். 2005 அக்டோபரில் வில்மா புயல் கான்கூனின் மணலையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. செப்டம்பரில் அறை பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இந்தப் புயல் பருவம்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம்; ஏப்ரலில் மட்டும் பாசி தலைகாட்டலாம். அதில் கிறிஸ்துமஸ் வாரம், மார்ச் மாதக் கல்லூரி விடுமுறை, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

திருமணமாகி இரண்டு மாதம் ஆகிறது. கோவையிலிருந்து நேராகக் கான்கூனுக்கு ஐந்து நாள் தேனிலவு போக விரும்புகிறோம். அமெரிக்க விசா இல்லை.
– வாசகர், கோவை

வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசலுக்குச் சேரக் குறைந்தது இரண்டு விமானம் மாறி, ஒரு நாளுக்கு மேல் ஆகும். நேர வேறுபாடு பத்தரை மணி. உடம்பு அதற்குப் பழகும்போது திரும்பும் நாள் வந்துவிடும். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பா வழியாகப் போனால் அந்தந்த நாட்டின் இடைமாற்ற விதியைப் பார்க்க வேண்டும். மெக்சிகோ விசாவுக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பத்து நாட்களுக்கு மேல் ஒதுக்க முடிந்தால் மறுபடி எழுதுங்கள், மகிழ்ச்சியோடு திட்டம் போட்டுத் தருகிறேன். ஐந்து நாள்தான் என்றால் அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போய்விட்டு வாருங்கள்.

நான் வரலாற்று ஆசிரியர். கான்கூனில் தங்கியபடி ஒரே நாளில் மாயர் என்ற பழைய நாகரிக மக்களின் சிச்சென் இட்ஸா நகரத்தைப் பார்த்துத் திரும்ப முடியுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

முடியும். மூன்று முழு நாட்களில் ஒன்றை வெளியே செலவிடச் சொன்னேனே, அந்த ஒரு நாளை நீங்கள் இதற்குக் கொடுப்பதே சரி. சுமார் 200 கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம். கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தைவிட, சிச்சென் இட்ஸா இருக்கும் யுகத்தான் மாநிலம் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கியது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் அங்கே ஏழரை மணிக்கே சேர்ந்து, எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது முதல் வரிசையில் நிற்கலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரத்தை இழப்பீர்கள் என்பதால், ஊர் திரும்பும் விமானம் உள்ள நாளில் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். பதினோரு மணிக்குப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிட்டால் நிழலில் நிற்கவும் இடமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ மக்களுக்கு நுழைவு இலவசம், அன்று போகாதீர்கள்.

அங்குள்ள குக்குல்கான் பிரமிடின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் சேர்த்தால் 365. சம இரவு நாட்களையொட்டிய மாலை வேளையில் படிக்கட்டின் ஓரத்தில் விழும் நிழல், பாம்பு ஒன்று இறங்கி வருவது போலத் தோன்றும். படியேறப் பல ஆண்டுகளாக அனுமதி இல்லை. கீழே நின்று கைதட்டினால் எதிரொலி பறவையின் குரலைப் போலத் திரும்பி வரும். நாள் முழுதும் வண்டியில் உட்கார விருப்பமில்லாத துணைவர் இருந்தால், துலுமைப் பாருங்கள். கடலோரக் குன்றின் மேல் நிற்கும் மதில் சூழ்ந்த மாயர் நகரம் அது. கட்டடக் கலையில் சிச்சென் இட்ஸாவுக்கு ஈடாகாது; ஆனால் பின்னணியில் கடல் இருக்கிறது.

நீங்கள் உடுமலைக்காரர் என்பதால் இன்னொன்று. கான்கூன் விடுதிகளுக்குப் பின்னால் உள்ள உப்பங்கழியில் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அமராவதி அணையில் கம்பி வேலிக்குப் பின்னால் பார்த்ததை அங்கே வேலி இல்லாமல் பார்க்க நேரலாம்.

கிணற்றில் நீந்தக் கற்றவர்கள் நாங்கள். அந்தக் கடலில் இறங்கலாமா?
– வாசகர், காங்கேயம்

கிணற்று நீச்சல் கடலுக்குப் போதாது. கிணற்றில் தண்ணீர் நம்மை எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை. அங்கே கரையில் கொடி கட்டியிருப்பார்கள். பச்சை என்றால் இறங்கலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் ஆபத்து, நம்மவர்கள் கரையிலேயே இருந்துவிடுவது நல்லது. கறுப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. இழுப்பில் சிக்கிவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். மெக்சிகோவில் கடற்கரைகள் எல்லாம் நாட்டுக்குச் சொந்தமான பொது இடங்கள் என்பதால் வேறு விடுதியின் முன்னாலுள்ள அமைதியான கரைக்கும் போய் நிற்கலாம்; அவர்களுடைய நாற்காலியில் உட்காரத்தான் உரிமையில்லை.

ஆனால் உங்களுக்கென்றே அங்கே ஒன்று இருக்கிறது. யுகத்தானின் வடபகுதியில் தரைக்கு மேல் ஓடும் ஆறுகள் கிடையா. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர் அடியிலேயே ஓடுகிறது. பாறைக் கூரை இடிந்து விழுந்த இடங்களில் அந்த நீர் வெளியே தெரியும்; அவற்றைச் செனோத்தே என்கிறார்கள். நம் பாறைக் கிணறுகளை இயற்கையே வெட்டி, படியும் இறக்கி, விளிம்பில் வேர்களையும் தொங்கவிட்டது போல இருக்கும். மாயர்களுக்கு அவையே குடிநீர். அவற்றுள் சிலவற்றில் தெய்வத்துக்குப் பொருளும் உயிரும் படைத்தார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் இனம் அழியக் காரணமான விண்கல் அந்தப் பகுதியில்தான் விழுந்தது. அந்தப் பள்ளத்தின் விளிம்பு வளைந்து செல்லும் வழியே வரிசையாகச் செனோத்தேக்கள் அமைந்திருக்கின்றன. குளிர்ந்த, அடிமணல் தெரியும் நீர். உள்ளே இறங்குமுன் உடலில் பூசிய வெயில் களிம்பைக் கழுவச் சொல்வார்கள். உயிர்காப்பு மேலங்கியும் கொடுப்பார்கள். காங்கேயத்துக்காரர் அதை மறுக்கத் தோன்றும், போட்டுக்கொள்ளுங்கள். ஆழம் எவ்வளவு என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத கிணறுகள் அவை.

பணம் எப்படிக் கொண்டு போவது? ஏமாற்று வேலைகள் உண்டா?
– வாசகர், நாமக்கல்

பெசோவைக் குறிக்கவும் டாலருக்குரிய அதே குறியைத்தான் எழுதுவார்கள். உணவு விடுதியின் விலைப்பட்டியலில் 180 என்று அந்தக் குறியுடன் இருந்தால் அது பெசோவாகத்தான் இருக்கும். சுற்றுலாக் கடைகளில் டாலராகவும் இருக்கலாம். கேட்ட பிறகு வாங்குங்கள். ஒரு டாலருக்கு அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 17 முதல் 20 பெசோ வரை கிடைத்து வந்திருக்கிறது. அட்டையைத் தேய்க்கும்போது டாலரில் கழிக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் மறுத்து, பெசோவிலேயே கழிக்கச் சொல்லுங்கள். கின்டானா ரோ மாநிலம் வெளிநாட்டினரிடம் வசூலிக்கும் வருகை வரியும், விடுதிகள் அறைக்கு இரவுக் கணக்கில் வாங்கும் சுற்றுச்சூழல் கட்டணமும் முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருப்பதில்லை. பணியாளர்களுக்குப் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். அமெரிக்காவுக்கென்று நீங்கள் எடுத்த மருத்துவக் காப்பீடு மெக்சிகோவில் செல்லுமா என்பதையும் பாருங்கள். பல காப்பீடுகள் செல்லா. சளிக்கு உட்கொள்ளும் சூடோஎபிட்ரின் சேர்ந்த மாத்திரைகளுக்கு அங்கே தடை உண்டு.

ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாத, ஆனால் அதற்கு அண்ணனான ஒன்றில் நானே விழுந்திருக்கிறேன். கான்கூன் விமான நிலையத்தில் சுங்கம் முடிந்து வெளியேறும் கூடத்தில் சீருடை அணிந்து, அட்டை மாட்டிய பலர், உங்கள் வண்டி எது, எந்த விடுதி என்று அக்கறையோடு விசாரிப்பார்கள். அரசு ஊழியர் என்று எண்ணி நின்றேன். மறுநாள் காலை உணவும், பாதி விலையில் படகுப் பயணமும் தருவதாகவும், அதற்கு ஒரு விடுதியைத் தொண்ணூறு நிமிடம் சுற்றிப் பார்த்தால் போதும் என்றும் சொன்னார்கள். தொண்ணூறு நிமிடம் நான்கு மணி நேரமானது. ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை வாழ்நாளுக்கும் விற்கும் டைம்ஷேர் வியாபாரம் அது. ஒருவர் சலித்ததும் இன்னொருவர் வந்து விலையைக் குறைப்பார். அவரும் சலித்தால் மேலாளர் வருவார். கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிட்டேன். ஆனால் மூன்று முழு நாட்களில் ஒன்றின் முற்பகல் போயிற்று. அன்று போவதாக இருந்த செனோத்தே பயணமும் போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு, ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்து பணத்தைத் திரும்பப் பெற மெக்சிகோச் சட்டம் உரிமை தருகிறது. நீங்கள் வண்டியை முன்பே பதிவு செய்துவிட்டு, அந்தக் கூடத்தை யாருக்கும் பதில் சொல்லாமல் கடந்து, கட்டடத்துக்கு வெளியே, உங்கள் பெயரெழுதிய பலகையைப் பிடித்தபடி நிற்கும் ஓட்டுநரிடம் மட்டும் பேசுங்கள்.